நாய்க் கங்காணி கோவிந்தன்

சிங்கப்பூர்ப் பாலத்தைப் பூட்டி வைத்திருந்த வருசம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்ட வருசம். பாசாருக்குச் சாமான் வாங்க வீட்டுக்கு ஒரு ஆள், அதுவும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு போகலாம் என்று போலீஸ் ரோட்டில் நின்றது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. வருசத்தை எண்ணில் சொல்ல எனக்கு வராது. இப்படிச் சொன்னால் உங்களுக்கே தெரியும். அந்த வருசக் கடைசியில், கெடுபிடி கொஞ்சம் தளர்ந்த பிறகு, கோவிந்தன் ஈப்போவில் என் வீட்டு கேட்டுக்கு வந்து நின்றான். அதற்கு முன்னால் முப்பது வருசம் நான் அவனோடு பேசியதில்லை.

அவன் போய்விட்ட செய்தி இந்த மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் வந்தது. நானும் என் நாய் ஜாக்கியும் நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பின்னால் பெரிய கால்வாய் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். அவன் மகள் சாந்தி மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "பெரியப்பா, அப்பா முடிஞ்சிட்டாரு" என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நாலரைக்கு என்றாள். ஜாக்கி அவள் காலை மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தது.

கருமாதிக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்ட, அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று அவள்தான் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். செத்தவரை 'அவர்' என்று சொன்னால் நல்லது என்கிறாள். எனக்கு வாயில் வரவில்லை, விட்டுவிடுங்கள். கோவிந்தன் என்னிடம் ஒரே ஒரு உதவி கேட்டான். பாகான் டத்தோவில் ஒரு வீட்டுக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதைச் சொல்லாமல் அவனைப் பற்றி நல்லது மட்டும் சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். இங்கே பாதிப் பேர் சுங்காய்ப் பக்கம் எங்கள் பத்தாங்கட்டைத் தோட்டத்து ஆட்கள். சொல்வதில் தப்பிருந்தால் எழுந்து சொல்லுங்கள்.

தோட்டத்தில் அவனும் எங்களைப் போல ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவன்தான். பிறகு துரை பங்களாவுக்கு இரண்டு அல்சேஷன் நாய்கள் வந்தன. வெள்ளைக்காரத் துரைகள் போய், இந்த ஊர் ஆள் துரையாக வந்த காலம் அது. வந்த வாரமே ஒரு நாய் பங்களா சமையல்காரரைக் கடித்தது. இன்னொன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயத்துக்குள் புகுந்து கோழிகளைத் துவம்சம் பண்ணியது. கோவிந்தன் போய், அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரை நாள் தரையில் உட்கார்ந்திருந்தான். சாயந்தரம் பார்த்தால் இரண்டும் அவனுக்கு இரண்டு பக்கமும் படுத்துக் கிடந்தன. துரை அவனைக் காட்டு வேலையிலிருந்து எடுத்து நாய்களுக்குப் போட்டார். நாங்கள் அவனுக்கு நாய்க் கங்காணி என்று பேர் வைத்தோம். "என்னா கங்காணி, இன்னிக்கு உன் ஆளுங்க எத்தனை மரம் வெட்டினாங்க?" என்று கேட்போம். "ரெண்டு பேரும் சிக் லீவுண்ணே" என்பான். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவன் "உக்காரு" என்று மெதுவாகத்தான் சொல்வான். ஓடிக்கொண்டிருக்கிற நாய் அந்த இடத்திலேயே உட்காரும். எங்கள் தோட்டத்தில் அதைப் பார்க்காத ஆள் இல்லை.

தோட்டம் கை மாறியது உங்களுக்குத் தெரியும். லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. தண்ணீரை நிறுத்தினார்கள். நாலாம் நாள் நாங்கள் நாலு பேர் பங்களா கேட்டுக்குப் போனோம். சங்கத் தலைவர் ராமையா, நான், என் தம்பி மாரி, மாரியின் மனைவி. குழாயில் தண்ணீர் இல்லை என்று காட்டுவதற்கு அவள் காலி வாளியைக் கையில் எடுத்து வந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் துரை. அவர் பக்கத்தில் இரண்டு நாய்களைப் பிடித்துக்கொண்டு கோவிந்தன். ராமையா கும்பிட்டுத்தான் பேசினார். மாரிக்கு வாய் சும்மா இருக்காது. "நாய்க்குத் தண்ணி வச்சியா கங்காணி? அதுல எங்களுக்கும் கொஞ்சம் ஊத்து" என்றான். துரை என்னவோ சொன்னார். நான் துரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாளி விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினால் நாய் மாரி மேல் இருந்தது.

வலது கை. கட்டைவிரலுக்குக் கீழே நரம்பு போய்விட்டது. மரம் வெட்டுகிறவனுக்கு அந்த விரல் இல்லாவிட்டால் கத்தி நிற்காது. ஈப்போவுக்கு வந்த பிறகு பேக்டரியிலும் அவனை எடுக்கவில்லை. ஒரு கார் ஷாப்பில் காவலுக்கு ஜாகா வேலை பார்த்தான், குடித்தான், அதே வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தான். 

கேட்டில் நடந்ததற்கு ஆபீசில் எழுதி வைத்த கதை இதுதான்: மாரியின் மனைவி வாளியை வீசினாள், நாய்கள் மிரண்டன, கோவிந்தன் கையிலிருந்து நழுவிவிட்டன. அவள் வீசியது உண்மை. நாய் வருவதைப் பார்த்து வீசினாளா, வீசியதால் நாய் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. மாரி குடித்த நாளெல்லாம் "உன்னாலதாண்டி" என்பான். எங்கள் அம்மா சாகும் வரைக்கும் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நான் என்ன குறைச்சல்? மாரியைப் பாடையில் தூக்கிய அன்றைக்கு, அத்தனை பேருக்கு முன்னால், "நீ அந்த வாளிய வீசாம இருந்திருந்தா என் தம்பி இருந்திருப்பான்" என்று அவளிடம் சொன்னவன் நான். அதோடு அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்தது பாகான் டத்தோவில்.

கோவிந்தன் மேல் எனக்கு இருந்த வெறுப்பு வேறு. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றானே என்ற வெறுப்பு. ஒரே தாமானில், இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு முப்பது வருசம் அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்திருக்கிறேன். அவன் எதிரே வந்தால் கால்வாயில் மீன் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

இப்போது ஜாக்கி விசயத்துக்கு வருகிறேன்.

ஜாக்கி என் மகன் வாங்கிய நாய். கலப்பு ஜாதி, மண் நிறம், உடம்புக்கு மீறின கால். அவன் சிங்கப்பூரில் வேலைக்குப் போனான், பாலத்தைப் பூட்டினார்கள், நாய் எங்கள் தலையில். அதை அடக்க என்னாலும் முடியவில்லை, என் மனைவி செல்லம்மாவாலும் முடியவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் சுற்றிச் சுற்றி ஓடும். செருப்பு ஒன்று மிச்சமில்லை. வாஷிங் மெஷின் வயரைக் கடித்தது. யார் கேட்டைத் தாண்டிப் போனாலும் ஆள் உயரத்துக்கு எகிறிக் குதிக்கும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, அஞ்சிங் கெனா ஹந்து கா?" என்பார். பேய் பிடித்துவிட்டதா என்று கேட்கிறாராம். நானும் அப்படித்தான் நினைத்து முனியாண்டி கோயிலில் மந்திரித்துக் கறுப்புக் கயிறு வாங்கிக் கட்டினேன். ஜாக்கி அந்தக் கயிற்றையும் தின்றுவிட்டது. சங்கிலியைக் குட்டையாக்கினேன். சத்தம் இரண்டு மடங்கு ஆயிற்று. யாரோ சொன்னார்கள் என்று சோற்றில் சம்சு கலந்து வைத்தேன். ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்துத் தூங்கியது. எழுந்ததும் இன்னும் மோசம். சாராயம் கொடுத்ததற்குச் செல்லம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அப்புறம் ஒரு நாள் அது செல்லம்மாவைத் தள்ளிவிட்டது. ஆசையாகத்தான் பாய்ந்தது. அவள் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. தெருவில் யாரோ புகார் கொடுத்து நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு புகார் வந்தால் நாயைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். பிடித்த நாயை என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குப் போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் மகன் தினம் சாயந்தரம் போனில் கூப்பிட்டு, "அம்மா, ஜாக்கிய காட்டுங்க" என்பான். நாயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வராது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் இரண்டு தெரு நடந்து போய் கோவிந்தனைக் கூப்பிட்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் அப்போதே இந்த வட்டாரத்தில் நாய்க்குப் பேர் போனவன். வேறொரு கார் ஷாப் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, தன் நாய் வருகிற ஆளையெல்லாம் பார்த்துக் குரைக்கிறது என்று இவனைக் கூப்பிட்டாராம். இவன் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "தவுக்கே, நாய் குரைக்கும்போது நீங்க அதைவிட சத்தமா கத்துறீங்க. அது என்ன நெனைக்கும்? முதலாளியும் நம்மோட சேர்ந்து குரைக்கிறாரு, இன்னும் நல்லா குரைப்போம்னு நெனைக்கும். முதல்ல நீங்க குரைக்கிறத நிறுத்துங்க" என்றானாம். தவுக்கே முதலில் முறைத்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். இதைச் செல்லம்மாதான் எனக்குச் சொன்னாள்.

அன்றைக்கு வந்தவன் நாயைப் பார்க்கவே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஜாக்கி அவன் தோள் மேல் ஏறியது, காதை நக்கியது, சட்டையை இழுத்தது. அவன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. நான் உள்ளே இருந்தேன். வெளியே வரக் கூடாது என்று இருந்தேன். ஆனால் பேச்சு காதில் விழுந்தது.

"அக்கா, காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க?"

"நாலரைக்கு. அது பழக்கமாயிருச்சு."

"எழுந்து?"

"வெளக்க போடுவேன். தேத்தண்ணி கலக்குவேன். அவரு மூஞ்ச கழுவிட்டு, துணி மாத்தி, காலுக்குச் சப்பாத்து போட்டுக்குவாரு."

"சப்பாத்து போட்டு எங்க போவாரு?"

"எங்கயும் போகமாட்டாரு. நாற்காலியில உக்காந்திருப்பாரு."

"அப்ப நாய் மேல தப்பு இல்லக்கா. நீங்க ரெண்டு பேரும் தினமும் பிரட்டுக்குக் கெளம்புறீங்க. கெளம்பிட்டுப் போறதில்ல. இதுக்கு என்ன தெரியும்? வெளக்கு எரியுது, சப்பாத்து போட்டாச்சு, இப்ப கதவு தொறப்பாங்கன்னு நிக்குது. தொறக்கல. தினமும் ஏமாத்துனா நீங்களும் நானும்கூட வயர கடிப்போம் லா."

பிரட்டு என்றால் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியும் முன்னால் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று மரங்களைப் பிரித்துக் கொடுக்கும் இடம். தோட்டம் போய் முப்பது வருசமாகியும் நான் பிரட்டுக்குக் கிளம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். என் மனைவிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதை அவன் வாயால் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த நாற்காலியோடு அவனைத் தூக்கிப் போட்டிருப்பேன். அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம்.

மறுநாள் விடிகாலை கேட்டில் நின்றான். செல்லம்மா கயிற்றை என் கையில் திணித்து வெளியே தள்ளினாள். நான் அவனிடம் பேசவில்லை. நாயிடம் பேசினேன். "ஜாக்கி, எங்க போவணும்னு அவருகிட்ட கேளு." அவன் கொஞ்சமும் தயங்காமல், "ஜாக்கி, கால்வாய்கிட்ட அங்சானா மரம் வரிசையா இருக்கு, அங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லு" என்றான். 

பதினெட்டு மரம் அங்கே. தோட்டத்து நாய் எப்படி இருந்தது என்று யோசிக்கச் சொன்னான். விடிகாலையில் நம்மோடு வரும். ஒரு மரத்தில் நாம் நின்றால் அதுவும் நிற்கும். நாம் வெட்டி முடித்து அடுத்த மரத்துக்குப் போனால் அதுவும் வரும். பத்து மணிக்குப் பால் நிறுக்கும் நேரத்தில் எங்காவது நிழலில் செத்த மாதிரி கிடக்கும். எந்தத் தோட்டத்து நாயாவது வயரைக் கடித்ததா? "ஒரு மரம் வெட்டுற நேரம் நிக்கணும்னு அண்ணன்கிட்ட சொல்லு ஜாக்கி. அதுக்கு மேலயும் வேணாம், அதுக்குக் கம்மியாவும் வேணாம். எனக்கு அந்த நேரம் மறந்துபோச்சு. நான் நாய்க்குப் போனவன். அண்ணன் கைக்குத் தெரியும்."

என் கைக்குத் தெரிந்தது. முதல் மரத்தில் நின்றேன். கோட்டில் காய்ந்திருக்கும் பாலை இழுத்து எடுக்க வேண்டும், கத்தியை வைத்து ஒரே ஓட்டமாக இறக்க வேண்டும், பால் வடியும் மங்கைத் திருப்பி நேராக வைக்க வேண்டும். கை தானாக அசைந்தது. ஜாக்கி என் தோளையே கழற்றிவிடுகிற மாதிரி இழுத்தது. நான் நகரவில்லை. வெட்டி முடித்த பிறகுதான் அடுத்த மரம். முதல் நாள் பதினெட்டு மரமும் இழுத்தது. ஓடப் பழகுகிற பெண் பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கிழவன் காற்றில் மரம் வெட்டுகிறான், இன்னொரு கிழவன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வருகிறான், மேஸ்திரி மாதிரி. நாலாவது நாள் பதினோராவது மரத்தில் ஜாக்கி உட்கார்ந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று அதுவாகவே தெரிந்துகொண்டு உட்கார்ந்தது. நான் என்னையும் மறந்து திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் சிரிக்காமல், "ஆள் தேறிடுச்சு" என்றான். 

இரண்டு மாசத்தில் நாய் வேறு நாய். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலிக்குக் கீழே சுருண்டுகொள்ளும். மகன் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, உண்மையச் சொல்லுங்க, இது ஜாக்கியா, வேற எங்கயாவது பிடிச்சிட்டு வந்தீங்களா?" என்றான். சீனக் கிழவர் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்தார். கோவிந்தனுக்கு என்ன கொடுப்பது என்று செல்லம்மா கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றான். ஆனாலும் தினமும் விடிகாலையில் வந்து நின்றான். நாய் தேறின பிறகும் வந்தான். எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி மரம் வெட்டினேன்.

இவ்வளவு தெரிந்தவன் ஏன் தன் வீட்டில் நாய் வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நாள் ஜாக்கியை விட்டுக் கேட்டேன். அன்றைக்குத்தான் சொன்னான். துரை மாற்றலாகிப் போகும்போது இரண்டு அல்சேஷனையும் சுட்டுவிட்டுப் போனாராம். "கட்டிப் பிடின்னாரு, பிடிச்சேன். குழி தோண்டுன்னாரு, தோண்டினேன். உக்காருன்னு நான்தான் சொன்னேன். ரெண்டும் உக்காந்துச்சுண்ணே. நாய் என்னை நம்பும். அதனாலதான் வச்சுக்கிறதில்ல."

அதற்கு அடுத்த வாரம், ஆறாவது மரத்தில், "அண்ணே, மாரி கை விசயம்" என்று ஆரம்பித்தான்.

"ஜாக்கி, பேச வேணாம்னு அவருகிட்ட சொல்லு."

"ஜாக்கி, இன்னிக்குப் பேசியே ஆவணும்னு அண்ணன்கிட்ட சொல்லு."

நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

"அந்த வாளிக்கு அதுங்க மிரளலண்ணே. துரை பங்களா வாசல்லயே நின்னு கொரங்கு சுடுவாரு, துப்பாக்கிச் சத்தத்துக்கே அதுங்க காத அசைக்காது. வாளி சத்தமெல்லாம் ஒண்ணுமே இல்ல. துரை விடுன்னாரு. நான் கைய தொறந்தேன். நழுவல. தொறந்தேன். அதுக்கப்புறந்தான் அந்தப் புள்ள வாளிய வீசுச்சு, புருசன் மேல நாய் வருதேன்னு. கேட்டுக்கும் மாரிக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும்? உக்காருன்னு ஒரு சொல்லு நான் சொல்லியிருந்தா அங்கயே உக்காந்திருக்கும். வாய் வரைக்கும் வந்துச்சு. துரை பக்கத்துல நின்னாரு. வீட்டுல பொஞ்சாதி ஏழு மாசம். லயத்தவிட்டு எறக்கிட்டா எங்க கொண்டுபோய் வைப்பேன்னு நெனச்சேன். முழுங்கிட்டேன்."

வயிற்றில் ஏழு மாசமாக இருந்தது சாந்தி. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். எழுது என்றேன். எழுதினாள்.

வாளிக் கதையைத் துரை சொல்ல, ஆபீஸ் கிராணி எழுத, கோவிந்தன் அடியில் கைநாட்டு வைத்திருக்கிறான். வைத்தும் லாபமில்லை, அடுத்த மாசம் அவனையும் எங்களோடு சேர்த்துத்தான் இறக்கிவிட்டார்கள். முப்பது வருசம் வாயைத் திறக்கவில்லை. மாரி உயிரோடு இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை அவன் வேலை பார்த்த கார் ஷாப் வாசல் வரைக்கும் போனானாம். மாரி கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டானாம்.

"மாரி இல்ல. அந்தப் புள்ள இருக்கு. அது கால்ல விழுந்து சொல்லணும். என்னைக் கூட்டிட்டுப் போங்கண்ணே."

முப்பது வருசத்துக்குப் பிறகு நான் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "பஸ் ஓடுதுல்ல? நீயே போ."

"நான் தனியா போனா கதவ தொறக்காதுண்ணே. நீங்க வந்தா தொறக்கும்."

நான் ஜாக்கியை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

நான் வந்தால் அவள் கதவைத் திறப்பாள் என்று அவன் நினைத்தான். மாரி சாவுக்கு அவன் வரவில்லை, அன்று நான் அவளிடம் சொன்னது அவனுக்குத் தெரியாது. அவனைக் கூட்டிக்கொண்டு போனால் அவன் மட்டும் தலை குனிந்தால் போதாது, நானும் குனிய வேண்டும். அவன் சொன்ன பொய்யை நான் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னவன். அதனால் சாக்குச் சொன்னேன். மழை என்றேன். முட்டி வலி என்றேன். தீபாவளி போகட்டும் என்றேன். ஜாக்கியை யார் பார்த்துக்கொள்வது என்றேன். அவன் பழக்கிக்கொடுத்த நாயையே அவனுக்குச் சாக்காகச் சொன்னேன். அவன் ஒவ்வொரு தடவையும், "சரிண்ணே, உங்களுக்கு எப்ப தோதுப்படுதோ" என்பான். நாலு தடவை கேட்டான். செல்லம்மா ஒரு தடவை, "போயிட்டுத்தான் வாங்களேன், அவ என்ன உங்கள தின்னுடவா போறா?" என்றாள். நான் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன்.

பிறகு அவனுக்குக் கிட்னி போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் கழுவப் போனான். விடிகாலையில் வருவது நின்றது. கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது செல்லம்மா போய்ப் பார்த்தாள். நான் போகவில்லை. இங்கே இருக்கிற பலர் போனீர்கள், நான் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவளிடம் அவன், "அண்ணன் சப்பாத்து போட்டுட்டாராக்கா?" என்று கேட்டானாம். அவளுக்குப் புரியவில்லை, வந்து என்னிடம் கேட்டாள். எனக்குப் புரிந்தது. அது நடந்தது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை அவன் இல்லை.

நல்லதாக நாலு வார்த்தை கேட்டாய் சாந்தி. உன் அப்பன் செய்தது பெரிய பாவம். அதை உன் அப்பனே தன் வாயால் சொன்னான். துரை சொல்லவில்லை. எழுதின கிராணி சொல்லவில்லை. நான் செய்ததை நான் இன்றைக்குத்தான் சொல்கிறேன், அதுவும் அவன் போன பிறகு. மன்னித்துவிட்டேன் என்று எழுதட்டுமா என்று கேட்கிறாய். எழுதாதே. அவனை மன்னிக்க வேண்டிய ஆள் நான் இல்லை, அது அவனுக்கே தெரியும். அதனால்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்காமல் வழி மட்டும் கேட்டான். நான் அந்த வழியை அடைத்துக்கொண்டு நின்றேன். அவன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் போய் என்னைத் தனியாக விட்டுவிட்டானே என்ற கோபமும் அதில் சேர்ந்துகொண்டது.

அவன் எனக்கு வைத்துவிட்டுப் போனது விடிகாலையில் பதினெட்டு மரமும், மரத்துக்குப் பக்கத்தில் அடங்கி உட்காருகிற ஒரு நாயும். அதோடு அவன் போக வேண்டிய வீட்டையும் என் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அன்றைக்கு அந்த கேட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆறு பேர் நின்றோம். ராமையா கண் தெரியாமல் சுங்காயிலேயே போனார். துரை எங்கே போய் முடிந்தார் என்று தெரியாது, போய்விட்டார் என்று கேள்வி. மாரி போனான். இப்போது கோவிந்தன். நான் இருக்கிறேன், என்னைச் சேர்க்க வேண்டாம். நாய் பாய்ந்தது அவளால் இல்லை என்று இன்னும் யாரும் போய்ச் சொல்லாமல், பாகான் டத்தோவில் மகள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். என் தம்பி மாரியின் மனைவி, அஞ்சலை.